பதினோரு பக்கப் பிராது

சம்மன் வந்தபோது தையலக்கா பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கோர்ட் ஆள் வாசலில் நின்றபடியே கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு கற்றைக் காகிதத்தைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டான். அவள் எண்ணிப் பார்த்தாள். பதினோரு பக்கம். முதல் பக்கத்தில் தம்பியின் பெயர், அதற்குப் பக்கத்தில் 'வாதி'. கீழே அவள் பெயர், அதற்குப் பக்கத்தில் 'பிரதிவாதி'.

தையலக்கா ஒன்றும் கைநாட்டு இல்லை. தினசரிப் பேப்பரை முதல் பக்கத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் விலாசம் வரை விடாமல் படிக்கிறவள். ஆனால் இந்தப் பதினோரு பக்கத்தில் அவள் படிப்பு நொண்டியடித்தது. 'மேற்படி பிரதிவாதியானவர்' என்று ஆரம்பித்த வாக்கியம், ஒரு முற்றுப்புள்ளியின் முகத்தில்கூட விழிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய், அங்கேயும் நிற்காமல் ஓடியது. எழுதினவனுக்கு மூச்சு முட்டவில்லையா என்று எரிச்சலாக வந்தது. முட்டி மோதிப் படித்ததில் இரண்டே சங்கதிதான் பிடிபட்டது. ஒன்று தேதி. பதினாறு நாள் கழித்து வரும் வியாழக்கிழமை, காலை பத்து மணி. இன்னொன்று, 'சொத்தின் முன்பகுதி' என்ற வார்த்தை. அது திரும்பத் திரும்ப வந்தது.

முன்பகுதி என்றால் அவள் உட்கார்ந்திருந்த அறை. பன்னிரண்டுக்குப் பத்து. தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், அதன் கீழே மெஷின், பக்கத்தில் ஓவர்லாக், துணி வெட்டும் மேஜை. திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கட்டிலும் அடுப்பும். இருபத்திரண்டு வருஷமாக அவள் தைப்பதும் தூங்குவதும் அங்கேதான். அப்பா சாகிறதுக்கு முன்னால் ஒரு தாளில், 'முன்னறை மகளுக்கு, அவள் இருக்கும் வரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பதிவு கிதிவு எதுவும் கிடையாது. வீட்டின் மற்ற பாகத்தில் தம்பியும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும். இப்போது யாரோ மொத்த வீட்டையும் விலைக்குக் கேட்கிறார்களாம். இரண்டு மாதமாகவே தம்பி முன்வாசல் வழியாக வருவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய் வந்துகொண்டிருந்தான்.

அவள் அன்றைக்கே உள்கதவைத் தட்டினாள். தம்பி பெண்டாட்டி கதவை ஒரு சாண் திறந்தாள்.

"அவர் இல்ல அண்ணி. எதுவா இருந்தாலும் வக்கீலைக் கேளுங்கன்னு சொல்லச் சொன்னார்."

"இல்லாத ஆள் எப்படிம்மா சொல்லச் சொன்னான்?"

கதவு சாத்திக்கொண்டது.

தையலக்கா தம்பி மேல் கோபப்படவில்லை. அதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம். அவள் கோபமெல்லாம் அந்தப் பதினோரு பக்கத்தின் மேல்தான். தம்பிக்கு இது புரிந்திருக்காது என்று அவள் சத்தியமாக நம்பினாள். பள்ளிக்கூட விண்ணப்பமானாலும் பேங்க் படிவமானாலும் ஒரு வரி படிக்காமல், "கையெழுத்து எங்க போடணும்க்கா?" என்று கேட்கிற ஜன்மம் அவன். யாரோ ஒரு வக்கீல் வாயில் நுழையாத பாஷையில் எழுதி நீட்டியிருக்கிறான், இவனும் போட்டுத் தொலைத்திருக்கிறான். இதில் என்ன இருக்கிறது என்று யாராவது அவளுக்குச் சாதாரணத் தமிழில் சொல்லிவிட்டால் போதும். அவள் போய் அவனுக்குச் சொல்லிவிடுவாள். "ஐயோ, நான் இப்படியா கேட்டேன்!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு கேஸை வாபஸ் வாங்கிவிடுவான். வேண்டியது ஒரே ஒரு ஆள். படித்துச் சொல்ல ஓர் அரை மணி நேரம். அதுவும் அந்த வியாழக்கிழமைக்குள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது என்று ஒரு வாடிக்கைக்காரி சொன்னாள். மறுநாள் காலை அவள் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். வாசல் மேஜையில் இருந்தவர் வருகிற காகிதம் எல்லாவற்றிலும் டப் டப்பென்று முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே முத்திரை என்றே பெயர். பெஞ்சில் பதினைந்து பேர். எல்லோர் மடியிலும் காகிதம்.

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு பெரியவர் கையில் இரண்டு தாளோடு வெளியே வந்தார். பெஞ்சை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"இங்க யாருக்கு நல்லா தமிழ் படிக்கத் தெரியும்?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தையலக்கா கையைத் தூக்கினாள். தூக்கின அந்தக் கையை ஒடித்து அடுப்பில் வைத்தால் என்ன என்று பிற்பாடு அவள் பல தடவை நினைத்துக்கொண்டாள்.

பெரியவரை எல்லோரும் புரொபசர் என்றார்கள். சட்டக் கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் நடத்தினவர். சாதாரண ஜனங்களுக்குச் சட்டச் சொற்களை எளிய தமிழில் விளக்குகிற ஒரு கையேடு போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். அவளை உள்ளே உட்காரவைத்து, தாளை நீட்டினார். 'வாதி: தமது சட்டபூர்வ உரிமை மீறப்பட்டதாகக் கருதி, அதற்குரிய பரிகாரம் வேண்டி நீதிமன்றத்தை அணுகும் நபர்.'

"புரியுதாம்மா?"

"புரியல."

"எது புரியல?"

"எதுவுமே புரியல."

புரொபசரின் முகம் மலர்ந்தது. முப்பது வருஷமாக அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டின பையன்களையே பார்த்தவர். மூஞ்சிக்கு நேராகப் புரியவில்லை என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"சரி, நீங்களா இருந்தா எப்படிச் சொல்வீங்க?"

"கேஸ் போட்டவர்னு சொல்வேன்."

"பிரதிவாதி?"

"அதான் நான்." சொல்லிவிட்டு அவசரமாகத் திருத்திக்கொண்டாள். "யார் மேல கேஸ் போட்டாங்களோ அவங்க. ஐயா, என் பேப்பர் ஒண்ணு இருக்கு, அதைக் கொஞ்சம்..."

"கட்டாயம் பார்ப்போம்மா. இந்த ஒரு பக்கம் மட்டும் முடிச்சுடலாம்."

ஒரு பக்கம் மூன்று பக்கம் ஆனது. நடுவில் டீ வந்தது, கூடவே இரண்டு பிஸ்கட். ஒரு மணி அடித்ததும் முத்திரை எட்டிப் பார்த்து, "ஆலோசனை நேரம் முடிஞ்சுது" என்று சொன்னார். புரொபசர் எழுந்து நின்று கும்பிட்டார். "திங்கக்கிழமை வாங்கம்மா. அவசியம் வரணும்."

எந்த ஆபீஸுக்குப் போனாலும் உண்மையான படிவத்துக்கு முன்னால் ஒரு படிவம் இருக்கும் என்பது தையலக்காவுக்குத் தெரியும். இதுவும் அப்படி ஒன்று போலிருக்கிறது, கேஸ்காரர்களுக்கு முதலில் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்போல, என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

திங்கட்கிழமை 'பிரமாண வாக்குமூலம்' வந்தது. புரொபசரின் விளக்கம் ஆறு வரி. "சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கறது, பொய்யா இருந்தா மாட்டிக்குவோம், அவ்வளவுதானேங்க?" என்றாள். அவர் ஆறு வரியையும் அடித்துவிட்டு இதை எழுதிக்கொண்டார். அடுத்து 'இடைக்காலத் தடை'. "கேஸ் முடியற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்கன்னு கோர்ட் சொல்றது." அடுத்து 'வாய்தா'. "இன்னைக்கு இல்ல, இன்னொரு நாள் வான்னு சொல்றது."

"பிரமாதம்!"

"என்னங்க பிரமாதம்? நானும் அதேதான் இங்க கேட்டுக்கிட்டிருக்கேன், திங்கக்கிழமை வா, வியாழக்கிழமை வான்னு. என் பேப்பரைப் பார்த்துடுங்கய்யா, புண்ணியமாப் போகும்."

புரொபசர் சிரித்தார். அவளுக்கு நகைச்சுவை உணர்ச்சி நிறைய என்று டீ கொண்டுவந்தவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒன்றும் செய்ய முடியவில்லை அவளால். கத்தலாம். கடையில் அளவு தப்பாகச் சொல்லிவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்களை அவள் கத்தியே விரட்டியிருக்கிறாள். ஆனால் இங்கே காரியம் ஆக வேண்டியது அவளுக்கு. பெரிய மனுஷன், கோபித்துக்கொண்டால் யார் படித்துச் சொல்வது? வெளியே வந்து முத்திரையிடம் கேட்டால், "புரொபசரே நேரா பார்த்துக்கிட்டிருக்கார், உங்களுக்கென்னம்மா கவலை?" என்றார். குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. உள்ளே போய்ப் புரொபசரிடம் கேட்டால், "வெளியே உங்க விவரமெல்லாம் பதிஞ்சிருப்பாங்க, வக்கீல் போட்டிருப்பாங்க, கவலைப்படாதீங்க" என்றார். இப்படி இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, நாள் போய்க்கொண்டே இருந்தது.

கடையில் துணி மலையாகக் குவிந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். "என் பொண்ணு பழைய கவுனைப் போட்டுக்கிட்டா போகும்?" என்று ஒரு தாய் சண்டை பிடித்தாள். "ஏன்க்கா, தினம் எங்கதான் போறீங்க?" என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பரீட்சை எழுதப் போகிறேன் என்றா?

நாலாவது தடவை போனபோது 'ஒருதலைத் தீர்ப்பு' வந்தது. புரொபசர் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தாள்.

"ஐயா, அப்படின்னா... கூப்பிட்ட தேதிக்கு நாம போகலன்னா, வந்தவர் சொன்னதை மட்டும் கேட்டுக் கேஸை முடிச்சுடுவாங்களா?"

"அதேதான்! நீங்க சொன்னதையே போட்டுடறேன்." அவர் பேனா பறந்தது.

"எனக்கு வியாழக்கிழமை தேதிங்க."

"அட, நமக்கும் வியாழக்கிழமைதாம்மா! கையேடு வெளியீட்டு விழா. கீழ ஜெராக்ஸ் கடையிலதான் அச்சாகுது. முதல் பிரதியை நீங்கதான் மேடைல வாங்கிக்கணும். சாதாரண மனிதர்கள் சார்பா."

தையலக்கா அவரைப் பார்த்தாள். நல்ல மனுஷர். ஒரு பொய் கிடையாது, ஒரு கெட்ட எண்ணம் கிடையாது. இப்படிப்பட்டவரிடம் மாட்டிக்கொண்டு மண்டை காய்வதைவிட ஒரு அயோக்கியனிடம் மாட்டியிருக்கலாம், திட்டவாவது திட்டலாம்.

புதன்கிழமை, அதாவது தேதிக்கு முந்தின நாள், அவள் புரொபசர் அறைப் பக்கமே போகவில்லை. நேராக முத்திரையின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்கு என்கூட கோர்ட்டுக்கு எந்த வக்கீல் வர்றாங்க?"

முத்திரை பதிவேட்டைத் திறந்தார். விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி மேலிருந்து கீழே.

"மனுதாரர் பட்டியல்ல உங்க பேர் இல்லையேம்மா."

"என்னது?"

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தார். அதில் அவள் பெயர் தேதியோடு நாலு தடவை அழகாக எழுதியிருந்தது. நாலு தடவையும் எதிரில் 'வாசகர், கையேட்டுக் குழு'.

"நீங்க தன்னார்வலரும்மா. கேஸ்காரங்க இல்ல."

"யார் சொன்னா?"

"முதல் நாளே புரொபசர் கூப்பிட்டதும் போனீங்களே. உங்க டோக்கனை நான் ரத்து பண்ணிட்டேன். தடவைக்கு ஒரு டீ, ரெண்டு பிஸ்கட் கொடுத்தோமே, கேஸ்காரங்களுக்கு நாங்க பிஸ்கட் கொடுக்கறதில்லையே!"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பெஞ்சில் இருந்த ஒருத்தர் கையிலும் அவள் பிஸ்கட்டைப் பார்த்ததில்லை. பதினைந்து நாள். நாலு தடவை. எட்டு பிஸ்கட். அந்தப் பதினோரு பக்கத்தை ஒருத்தர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப எழுதுங்க. இப்பவே எழுதுங்க என் பேரை."

"எழுதறேன்மா. ஆனா நாளைக்கு வக்கீல் யாரும் கிடையாது. எல்லாருக்கும் விழா வேலை. அடுத்த புதன்கிழமை..."

"நாளைக்குக் கேஸ், அடுத்த புதன்கிழமை வக்கீலா! கேக்கறவன் சிரிப்பான்யா!" அவள் போட்ட சத்தத்தில் கீழே ஜெராக்ஸ் மெஷின் ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது.

புரொபசர் வெளியே ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது. "நான் கோர்ட்டுக்குப் போய் இருபது வருஷம் ஆச்சேம்மா" என்று முனகினார். "நான் பதிஞ்சிருப்பாங்கன்னு நினைச்சேன்." முத்திரை, "நான் நீங்க பார்க்கறீங்கன்னு நினைச்சேன்" என்றார். அந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் அவள் அறை போகப் போகிறது.

தையலக்கா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். பையிலிருந்து பதினோரு பக்கத்தையும் எடுத்தாள். யாருக்கும் காட்டுவதற்கு இல்லை, வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் எடுத்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். வாதி, கேஸ் போட்டவர். சரி. அடுத்த வரி. பாத்தியதை. அது இரண்டாவது நாள் வந்தது, உரிமை. காலி சுவாதீனம். அது மூன்றாவது நாள். "உள்ள இருக்கறவங்க சாமானோட வெளியே போய், இடத்தைச் சும்மாக் கையில கொடுக்கறது" என்று அவளேதான் சொன்னாள். வாக்கியம் நீளம்தான். ஆனால் பழைய உடுப்பைப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டே போனால் துணி துணியாகத் தனியே வந்துவிழுந்தது. பதினோரு பக்கத்தையும் முக்கால் மணி நேரத்தில் படித்து முடித்தாள். எல்லாம் புரிந்தது.

"புரியுது" என்றாள் அவளுக்கே நம்பிக்கை இல்லாமல்.

அருகில் பதறிக்கொண்டு நின்ற புரொபசருக்குக் கண் கலங்கியது. "பார்த்தீங்களா? கையேடு வேலை செய்யுது!"

அவள் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னால் போனார்.

"நாளைக்குப் போய் நான் என்ன சொல்லணும்? அதை மட்டும் சொல்லுங்க. ஒரு வரியில சொல்லுங்க."

அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் புரொபசரிடமிருந்து ஒரு சின்ன வாக்கியம் வந்தது. "கூப்பிட்டதும் இருக்கேன்னு சொல்லுங்க, பதில் எழுதிக் கொடுக்க நாள் கேளுங்க."

மறுநாள் ஒன்பது மணிக்கே அவள் கோர்ட்டில் இருந்தாள். இரண்டாவது மாடியில் நீளமான அறை. பெஞ்செல்லாம் கறுப்புக் கோட்டு. சுவரோரம் கேஸ்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தம்பி எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தான். அவளைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். போட்டிருந்தது கடையில் வாங்கின ரெடிமேட் சட்டை, தோள்பட்டை அரை அங்குலம் இறங்கியிருந்தது. அவனுக்கு எப்போதும் அங்கே பிடித்துத் தைக்க வேண்டும். வெளியே போனதும் ஐந்து நிமிஷம் அவனைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிவிட்டால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பதினொன்றே காலுக்கு அவர்கள் கேஸைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவரின் குரல் ஃபேன் சத்தத்தில் பாதி கரைந்துவிட்டது. அவள் நகர்வதற்குள் தம்பியின் வக்கீல் எழுந்து கடகடவென்று ஆரம்பித்துவிட்டார். "பிரதிவாதிக்கு முறைப்படி அழைப்பாணை வழங்கப்பட்டும் ஆஜராகாத நிலையில், ஒருதலைப்பட்சமாக..."

"இருக்கேன்!" கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தாள். "இங்கதான் இருக்கேன்! ஒன்பது மணியிலிருந்து இருக்கேன்!"

அறை திரும்பிப் பார்த்தது. நீதிபதியம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"வக்கீல் இருக்காங்களா?"

"இல்லைங்க. இனிமேதான் வைக்கணும். பதில் எழுதிக் கொடுக்க நாள் வேணும்."

"முப்பது நாள்" என்று சொல்லிவிட்டு நீதிபதியம்மா அடுத்த கேஸ் கட்டை எடுத்தார். ஆக, இதற்கு ஆனது ஒரு நிமிஷம். இந்த ஒரு நிமிஷத்துக்கு அவள் பதினாறு நாள் நாயாக அலைந்திருந்தாள்.

தாழ்வாரத்தில் தம்பி மாடிப்படியை நோக்கி நடந்துகொண்டிருந்தான். வக்கீல் வேறொரு அறைக்குப் போய்விட்டார். அவள் ஓடிப்போய்ச் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"உட்காருடா. அஞ்சு நிமிஷம்."

"அக்கா, எதுவா இருந்தாலும் வக்கீல்..."

"உட்காருன்னா உட்காரு."

ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் பதினோரு பக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டவனுக்குச் சொல்வதுபோல, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்றேன், கேளு. வீடு மொத்தமும் உன்னோடதுன்னு எழுதியிருக்கு. அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த தாள் செல்லாதுன்னு எழுதியிருக்கு. இருபத்திரண்டு வருஷமா நான் அங்க இருக்கறது எனக்கு உரிமை இருக்கறதால இல்லையாம், நீ பாவம் பார்த்து விட்டதாலயாம். இப்ப நீ பாவம் பார்க்கறதை நிறுத்திட்டியாம். அதனால நான் மெஷினையும் கட்டிலையும் தூக்கிக்கிட்டு வெளியே போகணுமாம். போகலன்னா கோர்ட்ல இருந்து ஆள் வந்து தூக்கி வெளியே வைக்கணுமாம். அவ்வளவுதான். பதினோரு பக்கமும் இதான்."

தம்பி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காத்திருந்தாள். இதோ இப்போது நிமிர்வான். ஐயோ அக்கா என்பான். தலையில் அடித்துக்கொள்வான்.

அவன் நிமிர்ந்தான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்க்கா" என்றான். குரலில் கோபமில்லை. ரொம்ப நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்ட களைப்புதான் இருந்தது. "வக்கீல்கிட்ட வாயால சொல்லத் தெரியல. ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து ஒரு தாள்ல நானே எழுதிக் கொடுத்தேன். நாலே வரி. அவர்தான் அதைப் பதினோரு பக்கம் ஆக்கினார். நீ இப்ப சொன்னியே, கிட்டத்தட்ட நான் எழுதினது அதேதான்."

தாழ்வாரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். தையலக்கா மடியில் இருந்த காகிதங்களைப் பார்த்தாள். பதினாறு நாளாக இதன் மேல்தான் அவ்வளவு ஆத்திரமும். இந்தப் பாஷை, இந்த முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியம், இந்த மேற்படியும் அடியிற்கண்டதும். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டால் அடியில் தம்பி இருப்பான் என்று நினைத்திருந்தாள். இருந்தான். நாலு வரியோடு இருந்தான். அழுகை வந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அழுகை வரவில்லை.

"நல்ல விலை வந்திருக்குக்கா. பசங்க பெரிசாயிட்டாங்க. நீயும் புரிஞ்சுக்கணும்."

"புரிஞ்சுதுடா. நல்லாவே புரிஞ்சுது."

அவள் காகிதங்களைத் தட்டிச் சரிசெய்து பையில் வைத்தாள். எழுந்தாள். அவனும் எழுந்தான், அவ்வளவுதான் பேச்சு என்று நினைத்தவன்போல.

"இரு. நீ நாலு வரி எழுதியிருக்க. என்னோடது ஒரே வரி. அந்த ரூமை விட்டு நான் போகமாட்டேன். இதை உன் வக்கீல்கிட்ட சொல்லு. அவர் எத்தனை பக்கமா வேணும்னாலும் எழுதிக்கட்டும்."